வரலாற்றின் முன் இந்திரா காந்தி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

   

இவ்வாண்டு விழாவில் பேசுவதற்கென்று செயலாளர் அவர்கள் எமக்கு ஒரு பொருளைக் கொடுத்தபோது சற்றே அஞ்சினோம். ‘இந்திரா காந்தியை வரலாறு எவ்விடத்தில் வைக்கும்?’ என்பது அப்பொருள். இதனைப் பேச வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் வேண்டும். நாமோ பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, சரக்குச் சீட்டும் கணக்கேடுமாகக் காலம் கழித்து வருகிறோம். ‘இப்பொருளுக்கு வேறு ஆளைப் பாருங்கள்’ என்று வேண்டினோம். ‘ஆண்டவர்களைப் பற்றி அறிஞர்கள் நிறையப் பேசிவிட்டார்கள், ஆளப்பட்டவர்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் பேசட்டுமே’ என்றார் அவர். மறுக்க இயலவில்லை. எம் உரையில் குறை காணின் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொள்கிறோம்.

ஜபல்பூரில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு ஒரு தனி அனுபவம் உண்டு. ஒரே தலைவரைப் பற்றி இருவகைத் தீர்ப்புகளைக் கேட்கும் வாய்ப்பு அது. விடுமுறையில் தஞ்சை மாவட்டத்தில் உள்ள எம் சொந்த ஊருக்குச் சென்றால், பெரியப்பா திண்ணையில் அமர்ந்தபடி, ‘நெருக்கடி நிலையில் என்ன கெட்டுப் போயிற்று, தம்பி? ரயில் நேரத்துக்கு வந்தது. பதுக்கல்காரன் பயந்து கிடந்தான்’ என்பார். எதிர்வீட்டுப் பெரியவரோ 1976 ஜனவரி 31ஆம் நாள் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டதையும் கட்சிக்காரர்கள் சிறையில் பட்ட பாட்டையும் எடுத்துரைத்துச் சினப்பார். திரும்பி வந்து ஜபல்பூர்த் தேநீர்க் கடையில் அதே பேச்சை எடுத்தால், இங்குள்ள முதியவர்கள் ‘நஸ்பந்தி’ என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு வாய் மூடிக்கொள்வார்கள். கட்டாயக் கருத்தடையை இம்மக்கள் அச்சொல்லால்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இவற்றுள் எதனை வரலாறு ஏற்றுக்கொள்ளும்? நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு ஐம்பது ஆண்டுகள் நிறைந்துவிட்டன. அம்மையார் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அவரிடம் பயன் பெற்றவர்களும் துன்புற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு வைத்துக்கொள்ள நமக்கு எஞ்சியுள்ள காலம் சிறிது. ஆகையால் இக்கேள்வியை இன்று எடுத்துக்கொள்வது பொருத்தமே.

அன்பர்களே! முதலில் எப்படி எடை போடுவது என்பதைத் தெளிந்துகொள்வோம். இத்தகைய பேச்சு எழுந்தால் நம்மவர் உடனே வள்ளுவரைத் துணைக்கு அழைப்பார்கள். ஒருவருடைய குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, அவற்றுள் எது மிகுதியோ அதனைக் கொண்டு அவரை மதிப்பிடுக என்று அப்பெருந்தகை கூறியிருப்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஆனால் அக்குறள் எந்த அதிகாரத்தில் நிற்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அது ‘தெரிந்துதெளிதல்’ என்னும் அதிகாரத்தில் உள்ளது. ஒருவரைப் பணியில் அமர்த்தும் முன் அரசன் செய்ய வேண்டிய ஆராய்ச்சியைக் கூறுவது அவ்வதிகாரம். அமர்த்துவதா, வேண்டாமா என்று ஒன்றைத் துணிந்தாக வேண்டிய இடத்தில் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வருவது தேவைதான். வாக்குச் சாவடியில் நிற்கும் குடிமகனுக்கும் அது பொருந்தும். மறைந்த தலைவரை வரலாறு எந்தப் பதவியிலும் அமர்த்தப் போவதில்லை. எனவே குணத்தில் குற்றத்தைக் கழித்து மிச்சத்தை மட்டும் எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

எம் தொழிலிலிருந்து ஓர் உவமை கூற அனுமதியுங்கள். ஒரு நிலையத்தில் சரக்குக்குரிய கட்டணத்தைக் குறைத்து வசூலித்துவிட்டால், கணக்கு அலுவலகத்திலிருந்து ‘எரர் ஷீட்’ என்னும் தாள் வரும். குறைந்த தொகை அந்நிலையத்தின் பெயரில் பற்றாக எழுதப்படும். அடுத்த மாதம் அந்நிலையத்தின் வருமானம் இருமடங்கு ஆகலாம், மேலதிகாரிகள் பாராட்டலாம். ஆனால் அந்தப் பற்று தானாகத் தீர்ந்துவிடாது. உரிய தொகையைச் செலுத்த வேண்டும்; அல்லது அது தவறான பற்று என்று சான்று காட்ட வேண்டும். அதுவரை மாதந்தோறும் அது ஏட்டில் நின்றுகொண்டே இருக்கும். வரவு வரவாகவும் பற்று பற்றாகவும் நிற்பதே நேர்மையான கணக்கு. இம்முறையில்தான் அம்மையாருடைய ஏட்டைப் புரட்டிப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் வரவுப் பக்கம். சாஸ்திரியார் தாஷ்கண்டில் மறைந்தபின், 1966 ஜனவரி 24ஆம் நாள் இந்திரா காந்தி பிரதமர் பொறுப்பை ஏற்றார். அவரை அப்பதவிக்குக் கொண்டுவந்ததில் அன்று காங்கிரஸ் தலைவராக இருந்த நம் காமராசருக்குப் பெரும் பங்கு உண்டு. காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சித் தேர்தலில் மொரார்ஜி தேசாய் 169 வாக்குகளும் அம்மையார் 355 வாக்குகளும் பெற்றனர். பேசத் தெரியாத பொம்மை என்று அவரை ஏளனம் செய்தவர்களும் உண்டு. அவர் ஏற்ற நாடோ பஞ்சத்தின் வாயிலில் நின்றது. அடுத்தடுத்து இரண்டாண்டுகள் மழை பொய்த்தன. அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்து இறங்கினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. அந்நிலையிலிருந்து 1967-68ஆம் ஆண்டில் கோதுமை விளைச்சல் 1 கோடியே 60 லட்சம் டன்னைத் தாண்டியது. இவ்வரவில் சாஸ்திரியாருக்கும், உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியத்துக்கும், எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற அறிவியலாளர்களுக்கும், பஞ்சாப் உழவர்களுக்கும் பங்கு உண்டு. எனினும் அப்பணியைக் கைவிடாது தாங்கி நின்ற பெருமை அம்மையாரைச் சாரும்.

அடுத்தது 1969 ஜூலை 19. அன்றுதான் பதினான்கு பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. உட்கட்சிப் போரில் மொரார்ஜியை வீழ்த்துவதற்கு அவர் ஏவிய அம்பு அது என்பார் உண்டு. இருக்கலாம். ஆனால் அம்பு எய்தவர் நோக்கம் எதுவாயினும், அதன் பயன் சிற்றூர் வரை சென்றது. 1969இல் நாட்டில் இருந்த வங்கிக் கிளைகள் ஏறத்தாழ 8,200. 1991இல் அவை 60,000 ஆகப் பெருகின. வங்கியின் படியை மிதித்தறியாத மக்கள் அதன் உள்ளே சென்று அமர்ந்தனர். அப்பெருக்கத்தில் கடன்கள் வாராமல் போனதும், அரசியல்வாதிகள் தலையிட்டதும் உண்மையே. அதையும் ஏட்டில் எழுதுவோம்.

மூன்றாவது 1971. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் நம் எல்லைக்குள் வந்தனர். அம்மையார் அவசரப்படவில்லை. ஆகஸ்டு 9ஆம் நாள் சோவியத் நாட்டுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். மேலை நாட்டுத் தலைநகரங்களுக்குச் சென்று, அகதிகளின் துயரை எடுத்துரைத்தார். டிசம்பர் 3ஆம் நாள் போர் மூண்டது. 16ஆம் நாள் டாக்காவில் எதிரிப் படை சரணடைந்தது. ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர். வங்கதேசம் பிறந்தது. வென்ற நாடு வென்ற மண்ணைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் சில மாதங்களில் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது அரிய செயல் அன்றோ? இந்நகரின் படைக்கலத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த நம் தமிழ்ப் பெரியவர்கள், அந்நாட்களில் இரவு பகலாக உழைத்ததை இன்றும் பெருமிதத்தோடு கூறக் கேட்கிறோம்.

இனிப் பற்றுப் பக்கத்தைப் புரட்டுவோம். அதன் முதற் பக்கம் ரயில்வேக் குடும்பங்கள் மறக்கவியலாத பக்கம். 1974 மே 8ஆம் நாள், ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நாடெங்கும் ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. போனஸ், எட்டு மணி நேர வேலை, பிற அரசுத் தொழில்களுக்கு ஒத்த ஊதியம் ஆகியவை கோரிக்கைகள். வேலைநிறுத்தம் தொடங்கும் முன்னரே தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர், பலர் வேலையிழந்தனர், குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இருபது நாட்களில், மே 27ஆம் நாள், வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. இடையில், மே 18ஆம் நாள், பொக்ரானில் அணுவெடிப்புச் சோதனை நிகழ்ந்தது. நாட்டின் ஆற்றலை உலகு கண்டு வியந்த அந்நாளில், அந்நாட்டின் ரயிலை ஓட்டியவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள்.

எம் தந்தையார் அவ்வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவர். அப்போது அவர் வேறோர் ஊரில் சரக்குக் கொட்டகைக் குமாஸ்தா. விசாரணை இன்றியே ஊழியரை நீக்க இடந்தரும் 14ஆம் விதியின் இரண்டாம் பிரிவின்கீழ் அவர் நீக்கப்பட்டார். ஒரே ஒரு தாள். அதில் மூன்றே வரிகள். நாம் அப்போது பிறக்கவில்லை. மூத்த தமக்கையார் இருவரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தனர். குடியிருப்பை விட்டு வெளியேறி, ஊர்ப்புறத்தில் ஓர் அறை பிடித்தார்கள். தந்தையார் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று தாயார் சொன்னபோது, ‘வேலை போனவன் என்று ஊரில் போய் நிற்க மாட்டேன்’ என்று மறுத்துவிட்டாராம்.

இவ்விடத்தில் ஒன்று கூற வேண்டும். அந்நாட்களில் எம் குடும்பம் பட்டினியின்றிப் பிழைத்தது ஒரு தையல் இயந்திரத்தால். நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கி ஒன்றின் கிளையில், ஏழைகளுக்கென்று 1972இல் ஏற்படுத்தப்பட்ட நான்கு விழுக்காட்டு வட்டித் திட்டத்தின்கீழ், எம் தாயார் ஐந்நூறு ரூபாய் கடன் பெற்றார். இந்தி சரியாகப் பேசத் தெரியாத ஒரு தமிழ்ப் பெண், பிணையாக வைக்க ஒரு குண்டுமணிப் பொன்னும் இல்லாதவர், வங்கி மேலாளர் முன் நாற்காலியில் அமர்ந்து கையெழுத்திட்டார். ரவிக்கையும் பாவாடையும் தைத்தே அக்கடனை அடைத்தார். அந்த வாய்ப்புக்கு வழி திறந்தவரும் இந்திரா காந்தியே. தந்தையாரின் வேலையைப் பறித்த அரசின் தலைவரும் இந்திரா காந்தியே. நீக்க ஆணையும் வங்கியின் கடன் புத்தகமும் எம் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக இன்றும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டிக் கழித்து எங்கள் வீட்டில் ஒருவரும் விடை கண்டதில்லை.

வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்ட அடுத்த ஆண்டு நாடே ஒடுங்கியது. 1975 ஜூன் 12ஆம் நாள் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஜகமோகன்லால் சின்கா, ரேபரேலியில் அம்மையார் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஜூன் 25 நள்ளிரவில் நெருக்கடி நிலை வந்தது. டெல்லியில் செய்தித்தாள் அச்சகங்களுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஜெயப்பிரகாசர், மொரார்ஜி முதலிய தலைவர்கள் விடியுமுன் கைதாயினர். இருபத்தொரு மாதங்களில் 1,10,806 பேர் காவலில் வைக்கப்பட்டனர் என்று பின்னர் ஷா விசாரணைக் குழு கணக்கிட்டது.

அக்காலத்தின் மிகப் பெரிய வழக்கு நம் நகரின் பெயரையே தாங்கி நிற்கிறது. காவலில் வைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாடலாம் என்று இங்குள்ள மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் கூறியது. அதை எதிர்த்து ஜபல்பூர் கூடுதல் மாவட்டக் குற்றவியல் நடுவரின் பெயரால் அரசு உச்சநீதிமன்றம் சென்றது. 1976 ஏப்ரல் 28ஆம் நாள், ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் நின்றனர். நெருக்கடி நிலையில் ஒருவரை முறையின்றிச் சிறைப்படுத்தினாலும் அவர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது என்பது அத்தீர்ப்பின் பொருள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார். அவருக்குரிய தலைமை நீதிபதிப் பதவி 1977 ஜனவரியில் அவருக்கு இளையவர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. கன்னா பதவி துறந்தார். சட்டக் கல்லூரிகளில் நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் பளிங்குப் பாறைகள் நினைவுக்கு வருவதில்லை. இவ்வழக்கே நினைவுக்கு வருகிறது.

அடுத்துக் கருத்தடை. 1976-77ஆம் ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுவை செய்யப்பட்டது. முந்திய ஆண்டைப் போல் இஃது ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும், ‘இத்தனை பேரை அழைத்து வர வேண்டும்’ என்று இலக்கு வைக்கப்பட்டது. இலக்கு முடியாதவருக்கு ஊதியம் நின்றது. இதனை முன்னின்று நடத்தியவர் எப்பதவியும் வகிக்காத அவருடைய மகன் சஞ்சய் காந்தி. தாய் அறியாமல் நடந்தது என்று சிலர் கூறுவர். நிலையத்தில் நடந்த தவறு எமக்குத் தெரியாது என்று நிலைய அதிகாரி சொன்னால், பற்று வேறு யார் பெயரிலாவது எழுதப்படுமா?

இங்கே ரயில்வேக்காரன் என்ற முறையில், எம் பெரியப்பாவுக்கும் ஒரு மறுமொழி கூறியாக வேண்டும். ‘அன்று ரயில்கள் நேரத்துக்கு ஓடின’ என்பது நெருக்கடி நிலையைப் புகழ்வோர் அனைவரும் ஓதும் வாசகம். நேரந் தவறாமை நற்பண்பே. அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் ரயில் நேரத்துக்கு ஓடுவதற்குப் பாதை வேண்டும், எஞ்சின் வேண்டும், சைகை வேண்டும், தூங்கி எழுந்த ஓட்டுநர் வேண்டும். இவற்றை அச்சம் உண்டாக்காது. அச்சத்தால் சில மாதங்கள் மனிதன் விரைந்து ஓடுவான். அதன்பின் களைத்து விழுவான், அல்லது ஏட்டில் நேரத்தைத் திருத்தி எழுதக் கற்றுக்கொள்வான். மேலிருந்து கீழ்வரை எவரும் உண்மை பேச அஞ்சும் நாட்டில், ரயில் எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் நம்புவதற்கில்லை. அன்றியும், ஓட்டுநரின் வேலை நேரத்தைக் குறையுங்கள் என்று கேட்டவர்களைச் சிறையிலிட்ட ஆட்சிக்கு ரயிலைக் காட்டிப் புகழ் தேடுவது எவ்வாறு பொருந்தும்?

பற்றை எழுதிய கையாலேயே இன்னொரு வரவையும் எழுத வேண்டும். 1977 ஜனவரி 18ஆம் நாள் அம்மையார் தேர்தலை அறிவித்தார். எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. வெல்வோம் என்ற நம்பிக்கையில் செய்தார் என்பர். அவ்வாறே ஆகுக. தோற்றபோது அத்தோல்வியை ஏற்றுப் பதவி விலகினார் அல்லரோ? ரேபரேலியில் 55,000 வாக்குகளுக்கு மேல் பின்தங்கினார். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரசுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. நம் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா ஒன்றே கிடைத்தது. தெற்கிலோ அக்கட்சி பெருவெற்றி பெற்றது. கருத்தடை முகாம்களின் கொடுமையை நேரே கண்ட ஊர்கள் ஒருவிதமாகவும், காணாத ஊர்கள் வேறுவிதமாகவும் வாக்களித்தன. பெரியப்பாவின் திண்ணைத் தீர்ப்புக்கும் ஜபல்பூர்த் தேநீர்க் கடைத் தீர்ப்புக்கும் உள்ள வேற்றுமை இதில் விளங்குகிறது. இருவரும் பொய் கூறவில்லை. விலை கொடுத்தவர் ஒருவர், கொடுக்காதவர் மற்றொருவர்.

புதிய அரசு வந்தபின் வேலைநிறுத்தத்தால் நீக்கப்பட்டவர்கள் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். எம் தந்தையாரும் 1977இல் பணிக்குத் திரும்பினார். ஈராண்டுக்குப் பின் நாம் பிறந்தோம். 1974இல் கேட்டுச் சிறை சென்ற அந்தப் போனஸ், 1979-80ஆம் ஆண்டு முதல் உற்பத்தியோடு இணைந்த போனசாக ரயில்வே ஊழியருக்கு வழங்கப்படுகிறது. தசராவை ஒட்டி அத்தொகையைக் கையில் வாங்கும்போது, அதற்காக வேலையிழந்தவர்களை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

1980இல் மக்கள் அம்மையாரையே 353 இடங்களோடு மீண்டும் அமர்த்தினர். ‘மக்கள் மன்னித்துவிட்டார்கள், இனி வரலாறு என்ன சொல்வது?’ என்று கேட்பவர் உண்டு. மக்கள் செய்தது வள்ளுவர் கூறிய ஆராய்ச்சி. தமக்குள் பூசலிட்டுக் கவிழ்ந்த ஜனதாவையும், இவரையும் வைத்து எடைபோட்டு, அவ்வேளைக்கு ஒருவரைத் தேர்ந்தார்கள். அவ்வாக்கினால் சிறையில் கழிந்த நாட்கள் இல்லையென்று ஆகிவிடவில்லை. தேர்தல் ஒருவரைப் பதவியில் அமர்த்தும். ஏட்டிலுள்ள பற்றை அழிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

இறுதி ஆண்டுகளில் பஞ்சாப் எரிந்தது. தீ மூளும் வரை அரசியல் விளையாட்டில் காலம் போக்கினார்கள் என்ற பழி அவர் ஆட்சிக்கு உண்டு. 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் படை நுழைந்தது. வழிபட வந்த எளியோரும் மாண்டனர். சீக்கிய மக்களின் நெஞ்சில் ஆறாப் புண் ஏற்பட்டது. அக்டோபர் 31ஆம் நாள் தம் மெய்க்காப்பாளர் இருவரால் அம்மையார் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர் கொல்லப்பட்டனர் என்பது அரசின் கணக்கு. அக்கொலைகளை அவர் பெயரில் எழுதுவது அறமாகாது; அவை அவருக்குப் பின் ஆண்டவர்களின் ஏட்டைச் சேர்ந்தவை.

அன்றிரவு எம் வீட்டில் நிகழ்ந்ததைத் தாயார் பலமுறை கூறியிருக்கிறார். தந்தையார் வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்தவர் எழவே இல்லை, உணவும் கொள்ளவில்லை, கண்ணைத் துடைத்தபடி இருந்தார். ‘நம் வாயில் மண்ணைப் போட்ட அம்மாவுக்கா இப்படி அழுகிறீர்கள்?’ என்று தாயார் கேட்டாராம். ‘அது வேறு கணக்கு; இது வேறு கணக்கு’ என்று மட்டும் சொன்னாராம். அவர் இறுதிவரை 1974ஐ மன்னிக்கவில்லை. 1971ஐ மறக்கவும் இல்லை. இன்று நாம் இம்மேடையில் நீட்டி முழக்கிக் கூறுவதெல்லாம் அவர் அன்று கூறிய அந்த ஒரு வரிக்கு உரைதான்.

அவ்வாறாயின், அம்மையாரின் இடம் எது? எம் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் கூறுகிறோம். செயலின் அளவால் பார்த்தால், நேருவுக்குப் பின் இந்நாட்டின் வாழ்வை அவரைப் போல் மாற்றியவர் மிகச் சிலரே. 1971இல் காட்டிய உறுதிக்காக அவர் பெயர் முதல் வரிசையில் நிற்கும். அதே ஏட்டில், குடியரசின் அரசமைப்பு கண்ட மிகத் தாழ்ந்த இருபத்தொரு மாதங்களும் அவர் பெயரிலேயே நிற்கும். முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைப்பவர் அவருடைய அடியார். இரண்டாவதைக் காட்டி முதலாவதை மறைப்பவர் அவருடைய பகைவர். வரலாறு இருவர் வீட்டுக்கும் வேலைக்காரன் அன்று.

பற்றைத் தீர்க்க வழியே இல்லையா என்று கேட்கலாம். பிழையை ஒப்புக்கொண்டு, அது மீண்டும் நேராதபடி செய்வதே அவ்வழி. நாடு அதில் ஒரு பகுதியைச் செய்திருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தால், வெறும் உள்நாட்டுக் குழப்பத்தைக் காட்டி நெருக்கடி நிலை அறிவிக்க இயலாது. ஆயுதமேந்திய கலகம் இருக்க வேண்டும். உயிர் வாழும் உரிமையை அக்காலத்திலும் நிறுத்தி வைக்க இயலாது. 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், ஜபல்பூர் வழக்கின் தீர்ப்பு தவறு என்று தள்ளினார்கள். 1976இல் பெரும்பான்மையோடு நின்றவர் ஒய்.வி. சந்திரசூட், 2017இல் அத்தீர்ப்பைத் தவறென்று எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். தந்தையின்பால் உள்ள அன்பு வேறு, தீர்ப்பின் தவறு வேறு என்று பிரித்துக் காணும் அந்த மனப்பான்மையே வரலாறு எழுத வேண்டியவர்க்கும் தேவை.

இளைஞர்களே! இறுதியாக உங்களுக்கு ஒரு சொல். தலைவர்களைத் தெய்வமாக்குவதும் பேயாக்குவதும் எளிய வேலை. அவ்விரண்டிலும் நம் பொறுப்பு மறைந்துபோகிறது. நெருக்கடி நிலையின் ஆணைகளைப் பிறப்பித்தவர் ஒருவர். அவற்றைத் தட்டெழுத்தில் அடித்தவர், கையெழுத்திட்டவர், இலக்குக்கு ஆள் பிடித்தவர் பல்லாயிரம் பேர். அவர்கள் நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். ‘இன்று மாலைக்குள் பத்துப் பேரை அழைத்து வா, இல்லையேல் சம்பளம் இல்லை’ என்று ஒரு தாள் எம் மேசைக்கு வந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? எம் தந்தையார் மறுத்திருப்பார் என்று நம்புகிறோம். எம்மைப் பற்றி அவ்வளவு உறுதியாகக் கூற எமக்குத் துணிவு இல்லை. இதை உங்கள் முன் ஒப்புக்கொள்வதில் வெட்கம் உண்டு, ஆயினும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் இல்லத்துப் பெரியவர்களை அமர்த்தி, அக்காலத்தில் அவர்கள் பெற்றதையும் இழந்ததையும் கேட்டு எழுதி வையுங்கள். ஒன்றையும் கூட்டிக் கழிக்க வேண்டாம். இனி வரப்போகும் எந்தத் தலைவருக்கும் இம்முறையையே கைக்கொள்ளுங்கள்.